வந்து போன வாடகை

கதவைச் சாத்திவிட்டு வாருங்கோ பிள்ளை, குளிர் உள்ளே வருகிறது. அந்தக் கதிரை வேண்டாம், அதற்கு ஒரு கால் கட்டை. இதில் இருங்கோ. கடிதத்தைக் கையில் வைத்துக் கசக்காமல் மேசையில் வையுங்கோ. வாடகை கூட்டுகிற கடிதம்தானே? மாசி மாதக் கடைசியில் எல்லா வீட்டுக்கும் வரும். எனக்கும் வந்திருக்கிறது.

டிலக்சனா என்றுதானே பெயர்? கடிதத்தில் பிழையாகப் போட்டிருக்கிறார்கள். கவலைப்பட வேண்டாம், என் பெயர் தில்லையம்பலம். எங்களுக்கு வீடு வாடகைக்குத் தந்திருக்கிற இந்த வீட்டுச் சங்கம் அதை ஒருமுறையாவது முழுதாக எழுதி நான் பார்த்ததில்லை.

இரண்டு விஷயம் கேட்க வந்ததாகச் சொன்னீர்கள். ஒன்று கடிதம். மற்றது, ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்குக் கீழே இருந்து ஆரோ குழாயில் தட்டுகிறார்கள், மகள் பின்னேரத்தில் ஓடித் திரிகிற சத்தம் எனக்கு இடைஞ்சலோ என்று. இல்லை பிள்ளை. உங்கள் மகள் நடக்கிற சத்தம் எனக்குக் கேட்பதே இல்லை. தட்டலைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். ஒழுங்காகப் போவோம். நான் இருபத்தாறு வருடம் யாழ்ப்பாணக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தவன். நீங்கள் இந்த நாட்டில் வளர்ந்த பிள்ளை, கச்சேரி என்றால் பாட்டு என்று நினைப்பீர்கள். அரசாங்க அதிபருடைய கந்தோரைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். அங்கே நான் காணிப் பகுதி. என் மேசையில் ஒரு கடிதம் ஒரு இரவு கிடந்தது கிடையாது. காலையில் வந்தது மாலையில் முடிந்திருக்கும். முடிந்த கோப்பின் முகப்பில் 'முடிந்தது' என்று சிவப்பு மையில் எழுதி, வெள்ளை நாடாவால் கட்டி, அலுமாரியில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். கட்டின கோப்பைத் திரும்ப அவிழ்க்கிற பழக்கமும் இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எல்லாம் அதில்தான் வந்தது.

உங்களுக்கு முன் மேலே இருந்தவர் நாகபூசணி. வேலணை ஆள். பெரிய ஆளில்லை, ஐம்பத்தொன்பது வயது. இரண்டு சிறுநீரகமும் பழுது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ஆஸ்பத்திரி வான் வந்து ஏற்றிக்கொண்டு போகும், இரத்தத்தைச் சுத்தம் செய்து பின்னேரம் கொண்டுவந்து விடும். அந்த வருத்தக்காரருக்குக் குளிர் கூட. ஆடி மாதத்திலும் கம்பளிச் சட்டை போடுவார். புருசன் கனகரத்தினம் போய் ஒன்பது வருடம். ஆனால் தேத்தண்ணி ஊற்றும்போது கோப்பை இரண்டு வைப்பார். படிவத்தில் 'தனியாக வசிப்பவர்' என்ற இடத்தில் நான் அடையாளம் போட்டபோது, "தனிய எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது, கிளாக்கரண்ணை?" என்று கேட்டார்.

"பூசணியம்மா, இதைக் கந்தோரில சொல்லிப்போடாதேங்கோ. தனி ஆளுக்குத்தான் அந்தக் காசு. செத்த ஆளைச் சேர்த்தாலும் வெட்டிப்போடுவாங்கள்" என்றேன்.

"அவர் அந்தக் காசில சாப்பிடுறேல்லை. வெறும் தேத்தண்ணிதான்" என்றார்.

இப்படித்தான் கதை போகும். கூர்மையான ஆள். என் தமிழைப் பகிடி பண்ணுவார். "உங்கட கதையைக் கேக்கிறதும் அரசாங்கக் கெசற் வாசிக்கிறதும் ஒண்டு" என்பார்.

குசினி மூலையில் மேலிருந்து கீழாக ஒரு தடித்த இரும்புக் குழாய் போகிறதே, உங்கள் வீட்டிலும் இருக்கும். பழைய காலத்தில் முழுக் கட்டடத்துக்கும் சேர்த்துச் சூடாக்கிய குழாய். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக பொயிலர் பூட்டியபோது அதைத் துண்டித்துவிட்டார்கள். முப்பது வருடமாக அதற்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வெறும் இரும்பு. ஆனால் சத்தத்தை நன்றாகக் கொண்டுவரும். ஒருமுறை பூசணியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து மூன்று மணித்தியாலம் கிடந்தார். அதற்குப் பிறகு நாங்கள் ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டோம். காலை ஏழு மணிக்கு அவர் தேக்கரண்டியால் குழாயில் இரண்டு தட்டுவார். எழும்பிவிட்டேன் என்று பொருள். நான் இரண்டு தட்டுவேன். கேட்டது என்று பொருள். மூன்று தட்டினால் மேலே வாருங்கோ என்று பொருள். மூன்று தட்டியது குறைவு. கறி மிஞ்சினால் தட்டுவார். கடிதம் வந்தால் தட்டுவார். அவருடைய வீட்டுக் கதவுத் திறப்பு ஒன்று என்னிடம் இருந்தது.

சரி, கடிதம். உங்கள் போனைத் தாருங்கோ. அரசாங்க உதவிப்பணக் கணக்கைத் திறவுங்கோ. இந்த மாதக் கூற்று... இதுதான். முதல் வரி உங்களுக்கு. இரண்டாவது மகளுக்கு. மூன்றாவது வீட்டு வாடகைக்கு. நாலாவது ஒரு வரி இருக்கிறது, பாருங்கோ. இருக்கிறதுதானே? நான் நினைத்தேன். இந்த வரியைத்தான் ஆரும் வாசிப்பதில்லை.

பழைய உதவிப்பணங்களை மூடி எல்லாரையும் புதியதற்கு மாற்றினார்கள் அல்லவா? சில பேருக்குப் புதியது பழையதைவிடக் குறைவு. மாறுகிற அன்றைக்கு ஆருக்கும் கை குறையக்கூடாது என்று, வித்தியாசத்தைக் கணக்குப் பார்த்து இந்த நாலாம் வரியில் போட்டுத் தந்தார்கள். ஆரோ மொழிபெயர்த்த துண்டுப்பிரசுரத்தில் 'இடைநிலைப் பாதுகாப்பு' என்று இருந்தது. இடைநிலை என்றால் பள்ளிக்கூடம். 'மாறுகாலப் பாதுகாப்பு' என்றுதான் வரவேண்டும் என்று நான் எழுதிப்போட்டேன். பதில் இல்லை.

இப்போது கவனமாகக் கேளுங்கோ. வாடகை கூடினால் மூன்றாம் வரியைக் கூட்டுவார்கள். கூட்டிய அளவுக்கு நாலாம் வரியைக் குறைப்பார்கள். கைக்கு வருகிற மொத்தம் அதேதான். கட்டுகிற வாடகை மட்டும் கூடியிருக்கும். அந்த வித்தியாசம் உங்கள் சாப்பாட்டிலிருந்து போகும். இது முதலாவது. இரண்டாவதுதான் பெரியது. பிறகு ஒரு நாள் வாடகை குறைந்தால் மூன்றாம் வரியும் குறையும். ஆனால் நாலாம் வரி திரும்ப வளராது. போனது போனதுதான்.

இதை நான் பூசணியம்மாவுக்கு அரை மணித்தியாலம் விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு, "மெழுகுதிரி எண்டு ஒரு சொல்லில சொல்லியிருக்கலாமே" என்றார்.

ஆனால் நான் விளக்கியது கார்த்திகை மாதத்தில். விளக்கியிருக்க வேண்டியது மாசியில்.

மாசியில் என்ன நடந்தது? போன வருடம் இதே நாட்கள். கடிதம் வந்தது. மூன்று தட்டல். மேலே போனேன். கடிதத்தில் முன்பக்கம் புதிய வாடகை, பின்பக்கம் மன்னிக்கச் சொல்லி இரண்டு பந்தி, அதற்குப் பின்னால் சின்ன எழுத்தில் ஒரு இணைப்பு. மாதத்துக்கு நாற்பத்தெட்டு பவுண் கூடுகிறது. சித்திரை முதல் திங்கட்கிழமையிலிருந்து நடைமுறை. நான் அன்றைக்கே புதிய தொகையைக் குறித்து, என்ன எழுதவேண்டும் என்று தயாரித்து, கடிதத்தைக் கோப்பில் போட்டு, நாடாவால் கட்டி, 'முடிந்தது' என்று எழுதிவிட்டேன். சித்திரை முதல் திங்கள் காலை ஒன்பது மணிக்கு அவருடைய கணக்கைத் திறந்து பதிவு செய்தேன். ஒன்பது அடித்து ஒரு நிமிடம் ஆகியிருக்கும். இந்தக் கட்டடத்திலேயே முதல் ஆள் பூசணியம்மாதான். அதை அவருக்குப் பெருமையாகச் சொன்னேன்.

"கெட்டிக்காரன். பரிசு ஏதும் தருவாங்களோ?" என்று கேட்டார்.

இணைப்பை வாசித்தேனா என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. இணைப்பு வாசிப்பதற்கு மாசியிலிருந்து சித்திரை வரை ஐந்து கிழமை இருந்தது. ஆனால் கோப்பு கட்டியாகிவிட்டது.

கீழ் வீட்டு அன்ரனைப் பார்த்திருப்பீர்கள், மினிகாப் ரக்சி ஓட்டுகிறவன், எப்போதும் காதில் வயரோடு திரிவான். அவனுக்கு வருகிற கடிதமெல்லாம் சப்பாத்துத் தட்டுக்குள் போகும். திறக்கமாட்டான். ஆடி மாதத்தில் மனைவி சப்பாத்துத் தட்டைத் துப்புரவாக்கி எல்லாவற்றையும் அவன் முன்னால் கொட்டியிருக்கிறா. அவன் ஒரு கடிதத்தைக் கொண்டு என்னிடம் வந்தான்.

"அண்ணை, எங்கட கட்டடத்தில லிஃப்ட் எங்க இருக்கு?"

"விசரா, மூண்டு மாடிக் கட்டடத்துக்கு லிஃப்ட் ஏன்?"

"இல்லை, இதில லிஃப்ட் பராமரிப்புக் கட்டணம் எண்டு போட்டிருக்கு. அதுதான், இவ்வளவு நாளும் நான் படியால ஏறினது வீணோ எண்டு பாத்தன்."

இணைப்பின் ஐந்தாவது வரி. பக்கத்துத் தெருவில் சங்கத்துக்கு ஒரு பெரிய கட்டடம் இருக்கிறது, அதில் லிஃப்ட் இருக்கிறது. அந்தக் கட்டணத்தை எங்களுக்கும் பிரித்துப் போட்டுவிட்டார்கள். நாற்பத்தெட்டும் லிஃப்ட். முழுக்க லிஃப்ட். அந்தப் பிழையைக் கண்டுபிடித்தது நான் என்றுதான் சொல்லவேண்டும். அன்ரன் கேள்வி மட்டும்தான் கேட்டான்.

அதற்குப் பிறகு நான் செய்ததை இந்தக் கட்டடத்தில் ஆரைக் கேட்டாலும் சொல்வார்கள். பன்னிரண்டு வீட்டுக் கையெழுத்தும் வாங்கினேன். ஒவ்வொரு படிக்கும் இலக்கம் போட்டுப் படம் எடுத்து இணைத்தேன். நாற்பத்திரண்டு படி. 'மேற்கூறிய நாற்பத்திரண்டு படிகளில் எதுவும் தானாக அசைவதாக நாம் அவதானிக்கவில்லை' என்று எழுதினேன், ஆங்கிலத்தில் இன்னும் நன்றாக இருந்தது. ஐப்பசியில் சங்கம் விழுந்தது. மேற்படி கட்டணத்தை, எந்தத் தவறையும் ஏற்காமல், நல்லெண்ண அடிப்படையில், ஐப்பசி முதலாம் திகதியிலிருந்து விலக்கிக்கொள்கிறோம் என்று கடிதம் வந்தது.

அந்தக் கடிதம்தான் சுவரில் மாட்டியிருக்கிறது. கண்ணாடி போட்டது.

இரண்டு பெட்டி லட்டு வாங்கி வீடு வீடாகக் கொடுத்தேன். பூசணியம்மா வருத்தத்துக்கு அதைச் சாப்பிடக்கூடாது. ஆனாலும் ஒன்று எடுத்துக் கடதாசியில் சுற்றினார். "அவருக்கு" என்றார். பிறகு மெல்லக் கேட்டார்: "அப்ப எனக்கு அந்த நாப்பத்தெட்டும் திரும்பி வரும், என்ன அண்ணை?"

"வராமல் எங்க போறது?" என்றேன்.

இந்தச் சொல்லை நான் எழுத்தில் கொடுக்கவில்லை. அது ஒரு பேச்சு.

உங்களுக்கு விளங்கியிருக்கும். வாடகை பழைய இடத்துக்கு வந்தது. மூன்றாம் வரி குறைந்தது. நாலாம் வரி? சித்திரையில் ஒன்பது மணி ஒரு நிமிடத்துக்கு அந்தக் கூடின வாடகைக்கு நான் தின்னக் கொடுத்தது அப்படியே போயிருந்தது. வந்த வாடகை ஆறு மாதம் இருந்துவிட்டுப் போய்விட்டது, ஆனால் அது தின்கிறது நிற்கவில்லை. இல்லாத லிஃப்டுக்கு, இப்போது எடுக்காத கட்டணத்துக்கு, அவருடைய கையிலிருந்து மாதம் மாதம் நாற்பத்தெட்டு போய்க்கொண்டேயிருந்தது. பேயைப் பற்றி ஆராவது கதைத்தால் எனக்குச் சிரிப்பு வரும் பிள்ளை. நான் நம்புகிற ஒரே பேய் அதுதான்.

அன்ரன்? அவன் பதிவு செய்யவே இல்லை. அவனுடைய மூன்றாம் வரி அசையவில்லை, நாலாம் வரியும் அசையவில்லை. ஆறு மாத நிலுவையைச் சிறுகச் சிறுகக் கட்டினான், முடிந்தது. அவனுக்கு ஆறு மாதம், அவருக்கு ஆயுள். நான் ஒழுங்கைக் குறை சொல்லவில்லை. மாற்றம் வந்தால் அறிவிக்கவேண்டும் என்பது சட்டம். அவன் செய்தது பிழை. பிழை செய்தவன் தப்பினான் என்பதற்காகப் பிழை சரியாகிவிடாது. இதை நான் அவனுக்கும் சொன்னேன். அவன், "சரி அண்ணை" என்று வயரைக் காதில் செருகிக்கொண்டு போனான்.

நாற்பத்தெட்டு பவுண் பெரிய காசா என்று கேட்பீர்கள். பூசணியம்மாவுக்கு அதுதான் வீட்டைச் சூடாக்குகிற கேஸ் மீற்றர். காசு போட்டால் எரிகிற மீற்றர், உங்களுக்கும் அதுதானே. கார்த்திகையில் நான் மேலே போனபோது கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு குசினியில் இருந்தார்.

"எங்க வெளிக்கிட்டனீங்கள்?"

"எங்கயும் இல்லை. வீட்டுக்கை வந்தனான்" என்றார். பிறகு, "நீங்கள் லட்டுத் தந்த கையோட மீற்றருக்கும் ரெண்டு சில்லறை தந்திருக்கலாம், கிளாக்கரண்ணை" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். அவர் எதையும் பகிடியாகத்தான் சொல்வார்.

தந்தேனா? நான் தர நினைத்தேன். ஆனால் அது சரியான வழி இல்லை. உரிமையாக வரவேண்டியதைத் தருமமாகக் கொடுத்தால் உரிமை செத்துவிடும். இதைத்தான் அவருக்கும் சொன்னேன். என் வாடகை வேறு. நான் ஓய்வூதியக்காரன், எனக்கு நாலாம் வரி கிடையாது, கூடினால் கூட்டித் தருகிறார்கள். என் வீட்டில் ரேடியேற்றர் எரிந்துகொண்டுதான் இருந்தது. கீழே வந்து இருங்கோ என்று சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன். "அவரைத் தனிய விட்டுட்டு வரேலாது" என்றார்.

கச்சேரியில் என்னை ஒரு வருடம் காணிப் பகுதியிலிருந்து நிவாரணப் பகுதிக்கு மாற்றினார்கள். சண்டையில் இடம்பெயர்ந்து பள்ளிக்கூடங்களில் இருந்த சனத்துக்கு அரிசி, பருப்பு, சீனி அட்டை. ஊருக்குத் திரும்பின குடும்பத்தின் பெயரை வெட்டவேண்டும். அன்றன்றைக்கே வெட்டுவேன். மூன்றாம் நாள் அங்கே திரும்பவும் ஷெல் விழும். வெட்டின சனம் அதே பள்ளிக்கூடத்தில், அதே வாங்கில் வந்து இருக்கும். வெட்டின பெயரைத் திரும்ப எழுத விதி இல்லை. புதிதாக விண்ணப்பிக்கவேண்டும், ஆறு கிழமை. ஒரு மனுசி என்னைப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் மெல்லமா வெட்டியிருக்கலாமே" என்றா. எனக்கு அப்போது முப்பது வயது. விதியை வாசித்துக் காட்டினேன்.

அதை ஏன் இப்போது சொன்னேன் என்று தெரியவில்லை. விடுங்கோ.

கார்த்திகை முழுக்க இருந்து உதவிப்பணக் கந்தோருக்கு மறுபரிசீலனை விண்ணப்பம் எழுதினேன். பதினொரு பக்கம். அடிக்குறிப்பு மட்டும் முப்பத்தேழு. கட்டணம் ஆரம்பத்திலிருந்தே பிழை, எனவே வாடகை கூடியதாகவே கொள்ளக்கூடாது, எனவே நாலாம் வரி குறைந்திருக்கக்கூடாது. நல்ல வாதம். இன்றைக்கும் அதில் ஒரு சொல்லை மாற்றமாட்டேன். மார்கழி இரண்டாம் கிழமை, புதன்கிழமை பின்னேரம், பதில் அவருடைய கணக்கில் வந்தது. அவருக்குப் போனில் பார்க்கத் தெரியாது. கடவுச்சொல் என்னிடம்தான் இருந்தது, கனகரத்தினமும் அவர் செத்த வருடமும். நான் இந்த மேசையில் இருந்து திறந்தேன். இரண்டு வரி. வீட்டுச் சங்கம் தவறு என்று ஒப்புக்கொண்டதற்கு ஆதாரம் இல்லை, நல்லெண்ண அடிப்படையில் பிற்காலத்திலிருந்து குறைத்ததாகவே கடிதம் கூறுகிறது, முடிவில் மாற்றம் இல்லை.

நான் இணைத்த கடிதம்தான். இந்தச் சுவரில் இருக்கிறதே, அதன் பிரதி.

அன்றைக்கு நான் மேலே போகவில்லை. என்ன சொல்வது என்று ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்டுப் போகலாம் என்று இருந்தேன்.

அடுத்த நாள் வியாழன். ஏழு மணி. நான் குசினியில், கையில் கரண்டி. மேலேயிருந்து சத்தம் வந்தது. ஒன்று, இரண்டு. நான் கரண்டியைத் தூக்கினேன். மூன்று.

கடிதம் வந்திட்டுதோ என்று கேட்கக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். வேறு என்ன நினைப்பது? ஆஸ்பத்திரி நாள், ஒன்பது மணிக்கு வான் வரும், பின்னேரம் வரட்டும், ஆறுதலாகச் சொல்லலாம். பிறகு யோசித்துப் பார்த்தேன். மூன்றாவது தட்டலாக இருக்காது. குளிரில் இரும்பு சுருங்கும், சூடான தண்ணீர் ஓடினால் விரியும். விரியும்போது டொக் என்று ஒரு சத்தம் கேட்கும். இது பௌதிகம். புத்தகத்தில் இருக்கிறது, எடுத்துக் காட்டட்டுமா? நான் இரண்டு தட்டினேன். கேட்டது என்று.

ஒன்பது மணிக்கு வான் சாரதி வந்து மணி அடித்தான். பிறகு என் மணியை அடித்தான். திறப்பைக் கொண்டு நான்தான் போனேன். குசினியில் குழாய்க்குப் பக்கத்தில், கோட்டோடும் தொப்பியோடும். மேசையில் கோப்பை இரண்டு.

மாரடைப்பு. மரணப் பத்திரம் நான் வாசித்தேன், மூன்று தரம் வாசித்தேன். அதில் குளிர் என்ற சொல் இல்லை. எத்தனை மணிக்கு என்றும் இல்லை.

நீங்கள் ஏன் பிள்ளை அப்படிப் பார்க்கிறீர்கள்? அந்தக் குழாயில் தண்ணீர் ஓடுவதில்லை என்று நானா சொன்னேன்?

ஓம். சொன்னேன். முப்பது வருடம் என்றும் சொன்னேன்.

தேத்தண்ணி குடியுங்கோ, ஆறுகிறது.

சரி, இனி உங்கள் கடிதம். முன்பக்கம் வேண்டாம், இணைப்பைத்தான் முதலில் பார்க்கவேண்டும். கண்ணாடியைத் தாருங்கோ. ஒன்று, துப்புரவு. இரண்டு, படிக்கட்டு விளக்கு. மூன்று, தோட்டம்; தோட்டம் என்று இரண்டு பூச்சாடியைச் சொல்கிறார்கள். நாலு, காப்புறுதி. ஐந்து...

இருங்கோ. நீங்களே வாசியுங்கோ. எனக்குக் கண் பிழையோ தெரியாது.

லிஃப்ட். நானும் அப்படித்தான் வாசித்தேன்.

நல்லெண்ணம் ஆறு மாதத்துக்குத்தான் போலிருக்கிறது. என் கடிதம் வந்தபோது நான் திறந்தேன், தொகையைக் குறித்தேன், கோப்பில்... அதோ அந்தக் கோப்புத்தான். நாடா கட்டியது. முந்தநாள் கட்டினேன்.

அதை எடுத்துத் தாருங்கோ. இல்லை, கத்தரிக்கோல் வேண்டாம், அவிழ்க்கத் தெரியும். கச்சேரி நாளிலிருந்து இது முதல் தரம். சரி, அவிழ்ந்துவிட்டது.

இதுதான் செய்யப்போகிறோம். உங்களை எதையும் மறைக்கச் சொல்லவில்லை. சித்திரை முதல் திங்கள் வந்தால் என்ன வாடகையோ அதை நீங்கள் அறிவிக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு ஐந்து கிழமை இருக்கிறது. அதற்குள் சங்கத்திடமிருந்து எனக்கு ஒரு சொல் வேண்டும். நல்லெண்ணம் வேண்டாம். 'தவறு' என்ற சொல், எழுத்தில், கையெழுத்தோடு. கட்டணம் நடைமுறைக்கு வருமுன்பே விழுந்துவிட்டால் உங்கள் மூன்றாம் வரி அசையாது, நாலாம் வரியையும் ஆரும் தொடமுடியாது. பன்னிரண்டு வீட்டுக்கும் இன்றைக்கே போகவேண்டும். அன்ரன் சப்பாத்துத் தட்டிலிருந்து அவனுடையதையும் எடுப்போம். கண்ணாடிக்குள் இருக்கிற அதையும் கழற்றவேண்டும், மேலே எட்டாது, உங்களால் எட்டுமா? மெல்ல. அதை மேசையில் கவிழ்த்து வையுங்கோ. உங்கள் கடிதம் இங்கேயே கிடக்கட்டும். ஓம், இரவும் கிடக்கட்டும்.

மூன்றேகாலுக்கு மகள் வருவா என்ன? சரி, போங்கோ.

தட்டல். மறக்கவில்லை. கடைசியில் சொல்கிறேன் என்றேன் அல்லவா?

நான் தட்டத் தொடங்குவதில்லை பிள்ளை. பதில்தான் தட்டுகிறேன். காலை ஏழு மணிக்கு மேலேயிருந்து இரண்டு தட்டல் வருகிறது, நான் இரண்டு தட்டுகிறேன். நீங்கள் குடிவந்ததிலிருந்து வருகிறது. புதுப் பிள்ளைக்கு ஆரோ இந்த ஒழுங்கைச் சொல்லியிருக்கிறார்கள், நல்ல பழக்கம்தான் என்று நினைத்தேன். அன்ரன் சொல்லியிருப்பான் என்று நினைத்தேன்.

நீங்கள் இல்லையா?

மகளும் இல்லை. ஏழரைக்குத்தான் எழும்புவா. சரி. சரி.

நீங்கள் பயப்படக்கூடாது. பெரிய விஷயம் இல்லை. ஒரு உதவி கேட்கிறேன். நாளைக்கு ஏழு மணிக்கு ஒரு தேக்கரண்டி எடுத்து அந்தக் குழாயில் இரண்டு தட்டுவீர்களா? நீங்கள் தட்டுகிறது எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரிந்தால் போதும். மற்றதிலிருந்து பிரித்து அறிய வேண்டும், அவ்வளவுதான். மூன்று தட்டினால் நான் மேலே வருவேன். எந்த நேரமென்றாலும் வருவேன். காலில் செருப்பில்லாமலும் வருவேன்.

படியில் பார்த்துப் போங்கோ. மேல்படி ஒன்று உடைந்திருக்கிறது, இருபத்தொன்பதாவது.

பிள்ளை. ஒரு நிமிடம். ஒரு திருத்தம்.

மேலேயிருந்து இரண்டு தட்டல் வருகிறது என்று சற்று முன் சொன்னேன். அது பிழை. பதிவில் பிழை இருக்கக்கூடாது.

மூன்று வருகிறது. ஒவ்வொரு நாளும் மூன்றுதான் வருகிறது. நான் இரண்டு தட்டுகிறேன்.